ஓடாத மானின் ஓட்டம்

கார்ட்டூன் படத்தில் ஓடும் மான் உண்மையில் ஓடுவதில்லை. ஒரு தாளில் கால் சற்றே தூக்கிய மான், அடுத்த தாளில் இன்னும் கொஞ்சம் தூக்கிய மான் என்று வரைந்து வைத்த மான்கள், நொடிக்கு 24 சட்டகம் என்ற வேகத்தில் ஒளிக்கு முன்னால் கடந்து போகின்றன. நடிகரை வைத்து எடுத்த படத்திலும் இதே ஏற்பாடுதான். ஆனால் அங்கே கேமராவுக்கு முன்னால் ஓர் ஆள் நிஜமாகவே ஓடியிருப்பார். வரைந்த படத்தில் அப்படி ஓடிய மான் எங்கும் எப்போதும் இருந்ததில்லை. பார்ப்பவரோ முதல் தாளில் இருந்த மானே கடைசித் தாளிலும் இருப்பதாக எண்ணுகிறார். நிலைத்து நிற்கும் பொருள் ஒன்று அங்கே உண்டா? தமிழ்நாட்டில் பௌத்தரும் சமணரும் சைவரும் நெடுங்காலம் நடத்திய வழக்கு இதுவே. திரையரங்கின் பழைய குறும்படங்களை இன்று தேடிப் பார்ப்பவருக்கு அந்த வழக்கின் சான்று கண்முன்னே ஓடுகிறது.

பிரான்சில் எமில் கோல் 1908இல் ஏறத்தாழ 700 ஓவியங்களைக் கொண்டு செய்த 'ஃபாண்டாஸ்மகோரி' இரண்டு நிமிடம்கூட ஓடாது. அதில் ஒரு பாட்டில் பூவாக மாறுகிறது. 1914இல் அமெரிக்காவின் வின்சர் மெக்கே வரைந்த 'ஜெர்ட்டி' என்னும் டைனோசர், அதட்டினால் அழுதது. பார்த்தவர்களும் அதற்காக இரங்கினார்கள். இந்தியாவில் தாதாசாகேப் பால்கே 1915இல் தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்திப் படம்பிடித்தார். கல்கத்தா நியூ தியேட்டர்ஸ் 1934இல் 'தி பீ பிரதர்ஸ்' என்ற குறும்படத்தை வெளியிட்டது. சென்னையில் ஜெமினி ஸ்டுடியோ 1947இல் 'சினிமா கதம்பம்' தயாரித்தது, அதை இயக்கியவர் தாணு. டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ், 1956இல் பம்பாயில் மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் ஓவியர்களுக்குப் பயிற்சி தர வந்தார். அந்தப் பயிற்சியில் பிறந்த படம் 'தி பனியன் டீர்', அதாவது ஆலமர மான். அதன் கதை புத்த சாதகக் கதை.

காசி அரசனின் அடுக்களைக்கு நாளுக்கொரு மான் முறைவைத்துச் செல்கிறது. சினை மான் ஒன்றின் முறை வந்தபோது, அதற்குப் பதிலாக மான்கூட்டத்தின் தலைவனே பலிமேடையில் தலை வைக்கிறான். அரசன் மனம் மாறுகிறான். அந்தத் தலைவன் முற்பிறவியில் இருந்த போதிசத்துவர் என்பது பௌத்த மரபு. இங்கேதான் சிக்கல். நிலையான உயிர் ஒன்று இல்லை என்று சொல்லும் சமயம், அந்த மானே பின்னாளில் புத்தரானார் என்று எப்படிச் சொல்கிறது?

பௌத்தரின் விடை கணபங்கம். எல்லாப் பொருளும் கணந்தோறும் தோன்றி அழிகிறது. ஒரு கணம் அழியும்போதே அடுத்த கணத்துக்குக் காரணமாகிறது. விளக்கின் சுடர் இரவெல்லாம் ஒன்றாகத் தெரிந்தாலும் ஒவ்வொரு கணமும் புதிய சுடரே. நிலைப்பது பொருள் இல்லை, தொடர்ச்சி. மணிமேகலையில் அறவண அடிகள் விளக்கும் பன்னிரு நிதானங்களும் காரண காரியச் சங்கிலியே. கார்ட்டூன் இதற்கு மிகப் பொருத்தமான சான்று. சட்டகங்களின் வரிசை உண்டு, வரிசைக்கு வெளியே மான் இல்லை. பௌத்தர் பக்கத்து நியாயத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் கருவி அந்நாளில் அவர்களிடம் இருந்ததில்லை.

ஆனால் மறுப்பும் அதே படத்தில் இருக்கிறது. நீலகேசி என்னும் சமணக் காப்பியமும், 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் பரபக்கமும் கணபங்கத்தை எடுத்துக்கொண்டு மறுக்கின்றன. அவ்வாதத்தின் சாரம் எளியது: பொருள் கணந்தோறும் அழியட்டும், பார்ப்பவனும் கணந்தோறும் அழிந்தால் முன்னதையும் பின்னதையும் சேர்த்துப் பார்ப்பது யார்? முதல் சட்டகத்தைக் கண்டவன் அதோடு அழிந்தான், இரண்டாவதைக் கண்டவன் வேறொருவன் என்றால், இருவருக்கும் ஓட்டம் தெரியாது. 1912இல் ஜெர்மனியில் மாக்ஸ் வெர்ட்ஹைமர் வெளியிட்ட சோதனையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. இரண்டு கோடுகளைத் தகுந்த இடைவெளியில் மாறி மாறிக் காட்டினால், ஒரே கோடு நகர்வதாகத் தெரிகிறது. நகர்வு கோட்டில் இல்லை, காண்பவரிடத்தில் உண்டாகிறது. அது உயிர் உண்டு என்பதற்கு நிரூபணம் ஆகாது. ஆனாலும் தொகுத்துக் காணும் ஒன்று வேண்டும் என்ற சைவரின் கோரிக்கைக்கு அது வலுச் சேர்க்கிறது.

மூன்றாவது விடை திருவண்ணாமலையிலிருந்து வந்தது. ரமண மகரிஷி உலகத்தை விளக்கச் சினிமாவையே உவமையாக எடுத்தார். படத்தில் எரியும் தீ திரையைச் சுடாது, வெள்ளம் திரையை நனைக்காது. திரையே நிலையானது, அதுவே ஆன்மா. அழகான விடைதான். ஆனால் பலிமேடையில் தலை வைத்த மானுக்கு இதில் என்ன இடம்? உலகம் தோற்றம் என்றால் அறத்துக்கு இடமேது என்று கிறித்தவ விமரிசகர்கள் கேட்டதுண்டு. 1908இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி மாணவராக இருந்த ராதாகிருஷ்ணன் தம் முதுகலை ஆய்வேட்டில் வேதாந்தத்தின் அறத்தை விளக்கி அதற்கு விடை சொல்ல முயன்றார். வேதாந்தமா, அறமா என்ற அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

சைவ சித்தாந்தம் திரையோடு நிற்பதில்லை. மெய்கண்டாரின் சிவஞானபோதம் பதினோராம் சூத்திரம், கண்ணுக்கு உயிர் காட்டிக் காண்பதுபோல உயிருக்கு இறைவன் காட்டிக் காண்கிறான் என்கிறது. ஓவியம் உண்டு, காண்பவர் உண்டு, இரண்டுக்கும் வேறாகக் காட்டும் ஒளியும் உண்டு. எதையும் பொய்யென்று தள்ள வேண்டியதில்லை. ஜெர்ட்டிக்காக இரங்கிய மனிதரின் இரக்கத்தை மெய்யென்று ஏற்க இந்த விடையே அதிகம் இடம் தருகிறது. டைனோசர் இல்லாவிட்டாலும் இரக்கம் நிகழ்ந்தது.

பழைய படங்களை மீட்பதிலும் இதே கேள்வி மறுபடி வருகிறது. 1950களின் தொடக்கம் வரை திரைப்படச் சுருள்கள் பெரும்பாலும் நைட்ரேட்டால் ஆனவை. அது எளிதில் தீப்பற்றும், பற்றாவிட்டாலும் நாளடைவில் பொடியாகும். 1964இல் புனேயில் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திலேயே 2003 ஜனவரியில் தீப்பிடித்து ஏராளமான நைட்ரேட் சுருள்கள் அழிந்தன. எஞ்சிய சுருளைச் சட்டகம் சட்டகமாக டிஜிட்டலில் படியெடுத்து, கீறல் நீக்கி, மங்கிய இடத்தைச் சரிசெய்து வெளியிடும்போது பழைய படலத்தில் ஓர் அணுகூட மிஞ்சுவதில்லை. ஆனாலும் அதே படம் என்கிறோம். பௌத்தர் அதைத் தொடர்ச்சி என்பார். சித்தாந்தி, காரியம் தன் காரணத்தில் ஒடுங்கி மீண்டும் வெளிப்பட்டது என்பார். தகரப் பெட்டிக்குள் யாரும் பார்க்காமல் கிடக்கும் சுருளுக்கு இரண்டும் பொருந்தும். சுருள் எரிந்துபோனால் பொருள் சாம்பலாகவும் புகையாகவும் எஞ்சுகிறது, வரிசை எஞ்சுவதில்லை. பால்கேயின் தீக்குச்சிப் படமும் தொலைந்துவிட்டது. அது எழுத்துக் குறிப்பாக மட்டுமே இருக்கிறது. அதன் அசைவைக் காணும் வழி இனி யாருக்கும் இல்லை.