முளைக்க வைப்பது யார்?

மேலப்பாளையம் வழியே ஓடும் பாளையங்கால்வாய், கார், பிசானம் ஆகிய இரு நெல் பருவங்களுக்கும் தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுபோகிறது. இந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு நன்றாகப் பழகிய நெல் அம்பை 16. ஆடுதுறை 31-ஐயும் கோ 39-ஐயும் கலந்து, பல தலைமுறை தேர்ந்தெடுத்து, அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-இல் வெளியிட்டது. அதில் வடித்த சோறு ஹலாலா என்று கேட்பவர் இல்லை. அந்தத் தேர்வு வேலையைக் கண்ணாடிக் குழாய்க்குள் செய்தால் மட்டும் சந்தேகம் எழுகிறது: படைத்தவன் வேலையில் இது கை வைப்பதில்லையா?

குழாய்க்குள் நடப்பதை முதலில் பார்க்கலாம். 1964-இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் மகேஸ்வரியும் ஊமத்தையின் மகரந்தப்பையிலிருந்து முழுச்செடிக்கான கருக்களை வளர்த்தார்கள். நான்கே ஆண்டில் ஜப்பானியர் அதை நெல்லில் சாதித்தனர். பொதிப் பருவத்துக் கதிரிலிருந்து மகரந்தப்பைகளை எடுத்து, சர்க்கரையும் வளர்ச்சி ஊக்கியும் சேர்ந்த ஊடகத்தில் வைக்கிறார்கள். நெல்லின் 24 குரோமோசோமில் பாதியான 12 மட்டுமே மகரந்தத்தில் உண்டு. அந்த 12 இரட்டித்துவிட்டால், ஆறேழு தலைமுறையில் கிடைக்கும் தூய வரிசை ஒரே தலைமுறையில் கைக்கு வரும்.

வரும் என்பது ஏட்டுக்கணக்கு. நம் நாட்டு இண்டிகா நெல் எளிதில் மசியாது. பல பைகள் கருகிப்போகும். தப்பி முளைப்பவற்றிலும் நிறைய நாற்றுகள் பச்சையமே இல்லாமல் வெள்ளைவெளேரென்று வந்து சாகும். விதைப்பவர்களைப் பார்த்து, முளைக்கச் செய்வது நீங்களா என்று கேட்கிறது குர்ஆனின் 56-ஆம் அத்தியாயம். ஆய்வகத்தில் இருப்பவருக்கு அந்தக் கேள்வி வயலில் நிற்பவரைவிடக் கூடுதலாகவே உறைக்கும்.

இறைவன் படைப்பை மாற்றத் தூண்டுவது ஷைத்தான் என்கிறது 4-ஆம் அத்தியாயம். ஆனால் அங்கே பேச்சு, கால்நடைகளின் காதை அறுக்கும் மூடவழக்கத்தோடு சேர்ந்து வருகிறது. பயிர் விஷயத்துக்கு நேராகப் பொருந்துவது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள பேரீச்சை நிகழ்ச்சி. மதீனாவாசிகள் ஆண் மரத்துப் பூந்தூளைப் பெண் மரத்துக்குக் கையால் சேர்ப்பதைக் கண்ட நபிகள் நாயகம், அதனால் பயனிருக்கும் என்று தோன்றவில்லை என்றார்கள். மதீனாவாசிகள் அதை விட்டுவிட்டார்கள், காய்ப்பு குறைந்தது. உலகக் காரியங்களில் உங்களுக்கே அதிகம் தெரியும் என்று நபிகளார் சொல்லிவிட்டார்கள். மகரந்தத்தில் மனிதக் கை படுவதற்கு இதைவிடத் தெளிவான அனுமதி தேடவேண்டியதில்லை.

ஆகவே நியாயம் கேட்கவேண்டிய இடம் வேறு: விதை யாரிடம் இருக்கிறது? வீரிய ஒட்டு நெல்லுக்கு ஒவ்வொரு போகமும் காசு கொடுத்து விதை வாங்கவேண்டும். கட்டாக் ஆராய்ச்சி நிலையத்தார் பி.எச்.பி. 71 என்ற ஒட்டு நெல்லின் மகரந்தப்பையிலிருந்தே ‘சத்யகிருஷ்ணா’ ரகத்தை எடுத்தார்கள். அது மாறாமல் முளைக்கும். அறுத்ததில் ஒரு கோட்டை நெல்லை விதைக்கு எடுத்துவைக்கலாம். படைப்பை அமானிதமாகக் கருதுகிறவர் ஆதரிக்கவேண்டியது இத்தகைய ஆய்வைத்தான். பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், 2001, விதையைச் சேமிக்கவும் பக்கத்து வயலுக்குக் கொடுக்கவும் விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. பிராண்டு பெயர் போட்டு விற்கத்தான் தடை.