மலைப் பட்டினங்களைக் கடந்து வனாந்தரத்துக்கு



தபசுகாலத்து முதல் ஞாயிறன்று ஆண்டுதோறும் நம் கோவில்களில் வாசிக்கப்படும் சுவிசேஷம் நீங்கள் நன்கு அறிந்ததே. இயேசு வனாந்தரத்துக்குப் போகிறார். நாற்பது நாள் அங்கே தங்குகிறார். பசாசு அவரைச் சோதிக்கிறது. குருக்களாகிய நாங்களும் அந்தச் சோதனைகளைப் பற்றியே பிரசங்கம் செய்து முடித்துவிடுகிறோம். அவர் எங்கிருந்து புறப்பட்டு அங்கே வந்தார் என்பதை யாரும் கவனிப்பதில்லை. மாற்கு அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறார்: கலிலேயாவின் நாசரேத்திலிருந்து. நாசரேத்து ஒரு மலையூர். கடல் மட்டத்துக்கு மேலே 1,100 அடி வரையில் இருக்கிறது. யோர்தான் நதி சாக்கடலைச் சேரும் இடமோ கடல் மட்டத்துக்கும் கீழே 1,000 அடிக்கு மேற்பட்ட பள்ளம். ஆகவே நம் ஆண்டவர் மலைநாட்டிலிருந்து இறங்கி, வெயில் எரிக்கும் வரண்ட நாட்டுக்கு நடந்து வந்த ஒருவர்.

இந்தச் சிறு விபரம் எனக்கு உறைத்தது வேதாகம வகுப்பில் அல்ல, ஜெயபுரத்தில். பூநகரிப் பகுதியில், மன்னார் வீதியை அண்டி இருக்கும் அந்தக் கிராமத்தை உங்களிற் சிலர் அறிவீர்கள். 1983ஆம் ஆண்டு ஆடிமாத வன்செயலின் பின் அங்கே வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களிற் பலர் மலையகத்துத் தோட்டங்களை விட்டு ஓடிவந்தவர்கள். தபசுகாலத்தில் ஒருநாள் அங்கே வீடுகளைச் சந்திக்கப் போயிருந்தேன். ஒரு மூதாட்டி, தாம் மலையிலிருந்து இறங்கி வந்த கதையைச் சொன்னார்.

“நாவலப்பிட்டி, கம்பளை, கண்டி, மாத்தளை, தம்புள்ளை... எல்லா டவுனும் தாண்டி வந்தோம், சாமி. பஸ்ஸுல வாயே தொறக்கல. பொட்ட அழிச்சிட்டேன். புள்ளைங்க தண்ணி கேட்டா வாயப் பொத்துனேன். ஒரு வார்த்த பேசுனா தமிழாளுங்கன்னு தெரிஞ்சிரும்ல? வவுனியா வந்தப்புறந்தான் புள்ளைங்கள பேசச் சொன்னேன்.”

பிறகு சற்று நேரம் பேசாதிருந்து விட்டு, “இங்க வந்து மொத மொத கடைக்குப் போய் அரிசி கேட்டேன். நான் பேசுன பேச்சக் கேட்டு ஒருத்தர் சிரிச்சாரு. தோட்டக்காட்டு ஆளுன்னு சொன்னாரு. அவரும் தமிழாளுதான், சாமி” என்றார்.

வாசகர்களே, அந்தச் சொல் எங்கள் வீடுகளில் புழங்குகிற சொல். கலியாணப் பேச்சில் அது வரும். கூலிக்கு ஆள் பிடிக்கும்போது வரும். கோவில் முற்றத்தில் பூசை முடிந்து நின்று கதைக்கும்போதும் வரும். என் காதாலேயே கேட்டிருக்கிறேன். கேட்டும் பேசாமல் நின்றிருக்கிறேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். மலைப் பட்டினங்களில் தமிழ் என்பதற்காக அந்தத் தாயின் வாயை அடைத்தார்கள். வன்னியில் நாங்கள், அது வேறு தமிழ் என்பதற்காக அடைத்தோம்.

பிரதான குருவின் முற்றத்தில் இராயப்பர் குளிர்காய்ந்து நின்றாரே, அன்றிரவு அவரைக் காட்டிக்கொடுத்தது எது? அவருடைய பேச்சு. கலிலேயாக் காரன் என்று வாயைத் திறந்த உடனே கண்டுகொண்டார்கள். யெருசலேம் நகரத்தாருக்கு அந்த மலைநாட்டுப் பேச்சு நகைப்பாயிருந்தது. நாசரேத்திலிருந்து நன்மை வருமோ என்று நத்தனயேல் கேட்டதும் அதே மனப்பான்மையில்தான். அப்படியானால் நம் ஆண்டவருடைய வாயில் இருந்ததும் இராயப்பருடைய அதே மலைநாட்டுப் பேச்சல்லவா? மலைப்பிரசங்கத்தை அவர் அந்தப் பேச்சிலேயே சொல்லியிருப்பார். ஜெயபுரத்துக் கடையில் அவர் அரிசி கேட்டிருந்தால் யாராவது சிரித்திருப்பார்களோ என்று எண்ணிப் பார்க்கிறேன்.

இம்மக்களுக்கு வன்னி புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1820களில் மலைநாட்டில் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியபின், தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட இவர்களுடைய முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு நடந்தார்கள். தாகமும் காய்ச்சலும் வாந்திபேதியும் அவ்வழியிலே பலரைக் கொண்டுபோயின. விழுந்தவர்களை விழுந்த இடத்தில் விட்டு மற்றவர்கள் நடந்தார்கள். அதை நினைவுகூர்ந்து, 200 ஆண்டு நிறைவில், 2023ஆம் ஆண்டு ஆடி 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு மாத்தளை வரை ஒரு கூட்டத்தார் நடந்தார்கள். மடுத் திருவிழாவுக்கு நாங்கள் போகிற மன்னார்–மதவாச்சி வீதியும் அவ்வழியைச் சேர்ந்ததே. பாட்டன் வரண்ட நாட்டைக் கடந்து மலைக்கு ஏறினான். பேரன் மலைப் பட்டினங்களைக் கடந்து வரண்ட நாட்டுக்கு இறங்கினான். இடையில், 1948ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களை நாடற்றவர் ஆக்கியது; 1964இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று ஆடுமாடு பிரிப்பதுபோல் பிரித்தன. மிஞ்சியிருந்தவர்களுக்குப் பிரசாவுரிமைச் சட்டம் வர 2003ஆம் ஆண்டாயிற்று.

ஜெயபுரத்தாருக்கு அதுவும் கடைசிப் பயணமாயிருக்கவில்லை. 2008இல் யுத்தம் மேற்கு வன்னிக்கு வந்தபோது மறுபடி மூட்டை கட்டினார்கள். அக்கராயன், கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, முள்ளிவாய்க்கால். இந்தப் பெயர்களை நான் விளக்கத் தேவையில்லை. நீங்களும் அவ்வழியே நடந்தவர்கள். ஒரே பதுங்குகுழியில் அவர்களும் நாங்களும் முழந்தாளிட்டுச் செபமாலை சொன்னோம். அங்கே யாரும் யாருடைய பேச்சையும் கேட்டுச் சிரிக்கவில்லை. திரும்பி வந்து கூரை போட்டபின் சிரிப்பும் திரும்பி வந்தது.

வேதாகமத்தில் வனாந்தரம் என்று வரும் எபிரேயச் சொல்லுக்கு வெறும் மணற்காடு என்பது பொருளல்ல. ஆடு மேயக்கூடிய, ஆனால் குடியில்லாத வெளி என்பதே கருத்து. நம்முடைய பழந்தமிழரும் பாலையைத் தனியான ஒரு நிலமாகக் கொள்ளவில்லை. குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு கெட்டுத் திரிந்தால் அதுவே பாலை என்று இளங்கோவடிகள் காட்டுகிறார். மலையும் காடும் தாமாகப் பாலையாவதில்லை. ஏதோ ஒன்று திரிய வேண்டும். (வன்னியிலோ பாலை என்பது பழம் தரும் மரம். அந்தப் பழத்தைத் தின்று உதடு ஒட்டிக்கொள்ளாத பிள்ளை இங்கே உண்டோ?)

குடியிருக்கக் காணி கிடைத்தும், விதைக்க வயற்காணி கிடையாமல் நெடுங்காலம் விண்ணப்பம் எழுதியவர்கள் ஜெயபுரத்தில் உண்டு. மலையில் கூலிக்குக் கொழுந்து எடுத்தவர்கள் இங்கேயும் கூலிக்கு நாற்று நட்டார்கள். எங்களிற் சிலருடைய வயல்களில்தான் நட்டார்கள். நாங்களோ தபசுகாலத்தில் ஒருசந்தி பிடிக்கிறோம், வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம் காக்கிறோம். அதைக் குறை சொல்லவில்லை, நானும் காக்கிறேன். ஆனால் இசையாஸ் தீர்க்கதரிசி கேட்கிற உபவாசம் வேறு. கட்டுண்டவனை அவிழ்த்துவிடு, வீடற்றவனை உன் வீட்டுக்குள் கூட்டி வா என்கிறார் அவர். அந்த அதிகாரத்தை, ஐம்பத்தெட்டாவது, இன்றிரவு செபமாலை முடிந்ததும் வீட்டில் ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். வேலைக்கு வருகிறவருக்கு நாட்கூலி பேசுகிற தகப்பனும், மருமகளைத் தெரிவு செய்கிற தாயும் அருகில் இருந்து கேட்கட்டும்.

அந்த மூதாட்டி அன்று எனக்குத் தேத்தண்ணீர் தந்தார். கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர். “மலைத் தண்ணியில போட்டா மணமே வேற, சாமி” என்று மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார். பாடசாலை விட்டு வந்த பேத்தி வாசலில் நின்றாள். அடுத்த ஞாயிறு கோவிலில் முதல் வாசகம் வாசிக்க வருவாயா என்று கேட்டேன். பிள்ளை பாட்டியைப் பார்த்தாள். “இவ பேச்சு நம்ம பேச்சு மாதிரியே இருக்கும், சாமி. பரவாயில்லையா?” என்றார் பாட்டி.

வாசிக்க வேண்டிய பகுதியைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.