எதிரில் இருப்பது

பிற உயிரைச் சாராத உயிர் உலகில் மிக அரிது. பசுவுக்குப் புல் வேண்டும். புல்லுக்கு மண்ணும் மண்ணுக்குள் வாழும் நுண்ணுயிர்களும் வேண்டும். ஒட்டுண்ணியின் சார்பு இன்னும் நெருக்கமானது. தான் எதை உண்கிறதோ அதன் மேலேயோ உள்ளேயோ அது குடியிருக்கிறது. அந்த உயிர் மடிந்தால் இதற்கும் இருக்க இடமில்லை.

தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் ஒரு முயலினத்தோடு அப்படி ஓர் ஒட்டுண்ணியான மிக்சோமா என்ற வைரஸ் நெடுங்காலமாக வாழ்ந்துவருகிறது. அதைச் சுமந்துவரும் கொசு கடித்த இடத்தில் சிறு கட்டி ஒன்று எழும். பெரும்பாலும் அவ்வளவுதான், முயல் மேயப் போய்விடும். அதே வைரஸ் முன்பின் அறியாத ஐரோப்பிய முயலின் உடலில் புகுந்தால் மரணம்.

ஆஸ்திரேலியாவில் 1859-இல் வேட்டைக்காக விடப்பட்ட ஐரோப்பிய முயல்கள் கோடிக்கணக்கில் பெருகி மேய்ச்சல் நிலங்களைத் தின்று தீர்த்தன. அவற்றைக் குறைக்க 1950-இல் இந்த வைரஸை அங்கே பரப்பினார்கள். தொற்றிய முயல்களில் 99 சதவீதத்துக்கும் மேல் மடிந்தன. ஆனால் அடுத்த சில ஆண்டுகளிலேயே வைரஸின் வேகம் தணிந்தது. ஃப்ராங்க் ஃபென்னர் என்ற அறிவியலாளர் அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். முயலை விரைவில் கொன்ற வைரஸை வேறோர் உடலுக்குக் கொண்டுசெல்லக் கொசுவுக்கு நாள் போதவில்லை. அது முயலோடு முடிந்தது. மிகவும் மென்மையான வைரஸும் பரவவில்லை, முயல் சீக்கிரம் குணமாகிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் இருந்ததே நிலைத்தது. இதற்குள் முயல்களும் மாறியிருந்தன. பிழைத்தவற்றின் குட்டிகள் உறுதியோடு பிறந்தன. ஒரே வலிமையுள்ள வைரஸுக்கு முன்பு 90 சதவீத முயல்கள் இறந்த இடத்தில், சில ஆண்டுகளுக்குப் பின் ஏறத்தாழ 25 சதவீதமே இறந்தன.

இந்த இடத்தில் நின்று, இயற்கை அமைதியை நாடுகிறது என்று சொல்லிவிட மனம் ஆசைப்படும். அவசரம் வேண்டாம். முயல்கள் உறுதி பெற்றதும் வைரஸும் மறுபடி கூர்மை பெற்றது. அது தணிந்ததற்குக் கருணை காரணமில்லை. சீறியதற்கு வன்மமும் காரணமில்லை. நம் மன உணர்வுகளை எல்லாம் எடுத்துவிட்டுப் பார்த்தால் ஓர் உண்மை மிஞ்சும். இன்றைய முயலின் உடலில் வைரஸின் வரலாறு இருக்கிறது. வைரஸின் இயல்பில் முயலின் வரலாறு இருக்கிறது. ஒன்றை விட்டு மற்றொன்றை முழுமையாகச் சொல்ல முடியாது.

நம் உடலும் இதற்கு விலக்கல்ல. மனித மரபுத்தொகுதியில் சுமார் 8 சதவீதம், நம் முன்னோரின் உடலில் என்றோ தொற்றி அங்கேயே தங்கிவிட்ட வைரஸ்களின் எச்சம். அவற்றுள் ஒன்று சுமார் 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்தது. உயிரணுவோடு ஒட்டி உள்ளே புக அந்த வைரஸ் வைத்திருந்த புரதம், இன்று சின்சைட்டின் என்ற பெயரில் நஞ்சுக்கொடியில் வேலை செய்கிறது. உயிரணுக்களை ஒன்றோடொன்று இணைத்து, தாய்க்கும் சிசுவுக்கும் நடுவே ஒரு படலம் அமைய உதவுகிறது. தாயிடமிருந்து நமக்கு உணவு வந்தது அந்தப் படலத்தின் வழியாகத்தான். அழிக்க வந்தது அன்னையின் பணிக்கு வந்துவிட்டது. ‘நான்’ என்று நாம் உரிமை கொண்டாடுவதில் எவ்வளவு பங்கு பழைய பகையுடையது!

இதனால் பகையைக் கொண்டாட வேண்டும் என்று பொருளில்லை. நோய்க்கு மருந்து உண்ணத்தான் வேண்டும். கொடுமைக்கு இடம் கொடுக்கலாகாது. ஆனால் எதிர்த்து நிற்கும் காலமெல்லாம் நாம் மாறிக்கொண்டே இருக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. பொய்யரைச் சமாளித்துச் சமாளித்துப் பொய்யில் தேர்ந்தவர்கள் உண்டு. கொடுமையை எதிர்க்கப் புறப்பட்டுக் கடுமையே இயல்பாகிப் போனவர்களும் உண்டு. அதே சோதனைகளுக்கு நடுவே பொறுமையில் ஊறிக் கனிந்தவர்களையும் நாம் அறிவோம்.

எந்த வடிவம் எடுப்பது என்று முயலால் தேர்ந்துகொள்ள முடியாது. எண்ணற்ற மரணங்களே அதற்கு வடிவம் கொடுக்கின்றன. மனிதனுக்கு மட்டும், மாறும்போதே தன்னைக் கவனிக்கும் ஆற்றல் வாய்த்திருக்கிறது. கண்மூடி அமரும் வேளையில் பிடிக்காத ஒருவரின் முகம் மனத்தில் எழுந்தால் அதை விரட்ட வேண்டாம். வலிந்து அன்பு செய்யவும் வேண்டாம். ‘இவரெதிரில் நின்று நின்று நான் என்னவாகிக்கொண்டிருக்கிறேன்?’ என்று கேட்டால் போதும். வெற்றியும் தோல்வியும் முழுவதும் நம் கையில் இல்லை. அந்தக் கேள்விக்கான விடையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கைச் செய்வதே சாதனை.