அடுத்தவர் அழுக்கு

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் மூவார் என்றோர் ஊர். 2017 செப்டம்பரில், அங்கே காசு போட்டுத் துவைக்கும் கடையொன்றின் வாசலில் ஓர் அறிவிப்பு தொங்கியது: முஸ்லிம் வாடிக்கையாளர்களுக்கு மட்டும். சொல்லப்பட்ட காரணம், தூய்மை. பலகையின் படம் நாடெங்கும் பரவியது. ஜொகூர் ஒன்றும் தாலிபான் நாடில்லை என்று அம்மாநிலத்தின் சுல்தான் இப்ராஹிம் சீறினார். கடைக்காரர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். பலகை இறங்கியது, மன்னிப்பும் வந்தது. அடுத்த மாதம் மலேசிய ஆட்சியாளர்கள் மாநாடே நாட்டின் நல்லிணக்கம் பற்றிக் கவலை தெரிவித்து அறிக்கை விட்டது.

அரசியல் அத்தோடு அடங்கியது. பலகைக்குப் பின்னால் இருந்த கேள்வி அடங்கவில்லை.

வெளிநாடு போனவருக்கு நாலாம் நாள் மாற்றுத் துணி தீர்ந்துவிடும். விடுதிக் குளியலறையில் சட்டையைக் கசக்கித் தொங்கவிட்டால் மறுநாள் காலையிலும் ஈரம் போவதில்லை. கடைசியில் தெருமுனை இயந்திரம்தான் கதி. அதன் வயிற்றுக்குள் சற்றுமுன் யாருடைய துணி சுழன்றது என்று யாருக்கும் தெரியாது. முன்பின் தெரியாதவரின் அழுக்கு நம் துணியில் ஒட்டுமா? ஒட்டினால், துணியோடு நிற்குமா?

இஸ்லாமியச் சட்ட நூல்கள் இதற்குச் சொல்லும் விடை வியப்பூட்டும் அளவுக்கு நிதானமானது. சிறுநீர், இரத்தம், மலம் போன்றவை நஜீஸ், அதாவது அசுத்தம். அவை பட்ட துணியைத் தண்ணீரால் கழுவி, நிறமும் மணமும் சுவையும் போய்விட்டால் துணி சுத்தம். எவ்வளவு தேய்த்தும் போகாத கறைக்கு மன்னிப்பு உண்டு. நாய், பன்றி விஷயத்தில் மட்டும் ஷாஃபி என்ற சட்ட மரபு கண்டிப்பானது: ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒருமுறை மண் கலந்த நீரால். மலேசிய முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றுவதும், தமிழகக் கடற்கரை முஸ்லிம்கள் பலர் பின்பற்றுவதும் இந்த மரபைத்தான். ஆகவே நாய் வளர்க்கும் வீட்டுப் போர்வை அதே இயந்திரத்தில் சுழன்றிருக்குமோ என்று ஒருவர் தயங்குவதை வெறும் வீம்பு என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு அடிப்படை விதியும் இருக்கிறது: உறுதியாகத் தெரிந்ததைச் சந்தேகம் அழிக்காது. ஒரு பொருள் சுத்தமானது என்பதே தொடக்க நிலை. அசுத்தம் பட்டது என்று தெரிந்தால்தான் கழுவ வேண்டும். பட்டிருக்கலாம் என்ற ஊகத்துக்காகக் கழுவ வேண்டியதில்லை. சட்டம் துணியைப் பார்த்துக் கேள்வி கேட்கிறது. மூவார் பலகையோ துணியைக் கொண்டுவரும் ஆளைப் பார்த்துக் கேட்டது. கைக்குழந்தையின் மூத்திரத் துணி மூட்டையோடு வரும் முஸ்லிமுக்கு அங்கே வழி உண்டு. நாயையே தொட்டறியாத பௌத்தரின் படுக்கை விரிப்புக்கு வழியில்லை.

சட்டம் சொல்வதற்கும் மக்கள் அஞ்சுவதற்கும் உள்ள இடைவெளி ஹஜ் பயணத்திலும் தெரியும். இஹ்ராம் என்ற புனித நிலைக்குள் நுழைந்த ஆண் உடுத்துவது தைக்காத இரண்டு துண்டுத் துணிகள். வெயிலும் கூட்டமும் புழுதியுமாக அவை அழுக்காகின்றன. கட்டிய துணியை அவிழ்த்து மாற்றினால் இஹ்ராம் முறிந்துவிடும் என்று பயந்து அப்படியே இருப்பவர்கள் உண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை: துவைக்கலாம், மாற்றலாம். தடை நறுமணத்துக்குத்தான். அதனால் ஹஜ் பயணிகளுக்கென்றே மணமற்ற சோப்பு விற்கிறார்கள். அழுக்கைப் பொறுத்துக்கொள்ளும் விதி, மல்லிகை வாசனையைப் பொறுத்துக்கொள்வதில்லை.

சட்டத்தைவிட அச்சம்தான் எங்கும் கடுமையாக இருக்கிறது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடலாம் போலிருக்கும். தமிழ்நாட்டுப் பிராமண வீடுகளின் மடி ஆசாரம் அந்த முடிவுக்குக் குறுக்கே வருகிறது. அங்கே விதியே ஆளைப் பார்த்தது. நீண்ட கோலால் உயரக் கொடியில் போட்டு, யார் கையும் படாமல் உலர்ந்த வேட்டிதான் மடி. வண்ணார் வெள்ளாவி வைத்து வெளுத்துக் கொண்டுவந்த துணி எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் விழுப்பு, அதாவது மடியற்றது. வீட்டில் இன்னொரு முறை தண்ணீரில் நனைத்தாக வேண்டும். அழுக்கை நீக்கிய கையே தீட்டாயிற்று. பட்டுக்கு மட்டும் சலுகை இருந்தது. பயணத்தில் அது பலருக்குக் கைகொடுத்தது. இந்த ஆசாரத்துக்கு ஆதாரமான தீண்டாமை எதுவரை போயிற்று என்பதற்குத் திருநெல்வேலிப் பக்கத்துப் புதிரை வண்ணார் சாட்சி. தாழ்த்தப்பட்ட மக்களின் துணியை வெளுத்த அவர்கள் பகலில் கண்ணில் பட்டாலே தீட்டு என்பதால், இரவில்தான் வேலை செய்ய வேண்டியிருந்தது. 1932 டிசம்பரில் ‘தி இந்து’ நாளேட்டில் இது பதிவாகியிருக்கிறது.

இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால், மூவார் பலகை தூய்மை பற்றிய ஷாஃபி நூல்களைவிட அக்கிரகாரத்துக் கொடிக்கே நெருக்கமானது.

கடல் கடந்தவனையே தீட்டு என்று விலக்கிய காலத்தில், விலக்கப்பட்டவர்களில் ஒருவர் காந்தி. 1888-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறத் துணிந்ததற்காக அவரது சாதியார் அவரை ஒதுக்கிவைத்தார்கள். திரும்பி வந்ததும் அண்ணன் அவரை நாசிக்குக் கூட்டிப்போய்க் கோதாவரியில் முழுக்காட்டினார். அந்த முழுக்குக்குப் பிறகு சில ஆண்டுகளில், தென்னாப்பிரிக்காவில் வக்கீலாக இருந்த காந்தி சலவைச் செலவு தாங்காமல் துவைக்கும் முறை பற்றிய புத்தகம் ஒன்றை வாங்கிப் படித்தார். தானே கஞ்சி போட்டு இஸ்திரி செய்த காலரோடு நீதிமன்றம் போனார். அதிகமாகிப்போன கஞ்சி காலரிலிருந்து உதிர, மற்ற வக்கீல்கள் சிரித்தார்கள். யார் துவைத்தால் சுத்தம் என்ற கவலை அவருக்கு அங்கே இல்லை. சலவைக்காரரை நம்பி நிற்கக் கூடாது என்பதே கவலை. 1912-இல் தலைவர் கோகலே தென்னாப்பிரிக்கா வந்தபோது, அவருக்கு அவரது வழிகாட்டி ரானடே பரிசளித்த அங்கவஸ்திரம் விருந்துக்கு முன் கசங்கிக் கிடந்தது. வக்கீல் தொழிலில் உங்களை நம்பலாம், சலவைத் தொழிலில் நம்ப முடியாது என்ற பொருள்படச் சொல்லித் தயங்கினார் கோகலே. காந்தி இஸ்திரி போட்டுக் கொடுத்துப் பாராட்டும் வாங்கினார்.

பயணியின் துணியைப் பற்றி விரிவாக வாதிட்டவர்கள் யூத ரப்பிகள். பஸ்கா, கூடாரத் திருவிழா ஆகியவற்றின் இடைநாள்களில் துணி துவைக்கக் கூடாது. வேலையைத் தள்ளிப்போட்டு அழுக்காகப் பண்டிகைக்குள் நுழைந்துவிடக் கூடாதே என்பதற்காக வந்த தடை அது. கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்ட நூல், விலக்குப் பெற்றவர்களைப் பட்டியலிடும்போது முதலில் வைப்பது கடல் கடந்து வந்தவரை. அடுத்து சிறைப்பிடிக்கப்பட்டு மீண்டவர், சிறையிலிருந்து வெளியே வந்தவர். முன்கூட்டித் துவைக்க அவர்களுக்கு வாய்ப்பே இருந்திருக்காது.

மிஷ்னாவை விரித்துரைக்கும் தல்மூத் இதை இன்னும் கிளறுகிறது. அவர் எதற்காகப் போனார்? ஊர் சுற்றப் போனவருக்குச் சலுகை இல்லை, பிழைக்கப் போனவருக்கு உண்டு, இரண்டிலும் கருத்து வேறுபாடு கிடையாது என்கிறார் ராவா என்ற அறிஞர். வயிற்றுப்பாடு போக மேற்கொண்டு சம்பாதிக்கப் போனவரைப் பற்றித்தான் சச்சரவு. இங்கேயும் விதி ஆளைப் பார்க்கிறது. அவர் எந்தக் குலம் என்பதற்காக இல்லை, அவருக்கு என்ன முடையோ அதற்காக.

ரப்பி யோஹனான் பெயரில் இன்னொரு சலுகையும் உண்டு: ஒரே ஒரு சட்டை வைத்திருப்பவர் பண்டிகையின் இடைநாளிலும் துவைத்துக்கொள்ளலாம். பார்ப்பவர்கள் தவறாக நினைக்க மாட்டார்களா, அவரிடம் வேறு சட்டை இல்லை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? இடுப்புக் கச்சையே சாட்சி என்கிறது தல்மூத். சட்டையைக் கழற்றிவிட்டு, மேலங்கியைக் கச்சையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒருவர் துவைப்பதைப் பார்த்தால், மாற்றுச் சட்டை இல்லாதவர் என்று ஊருக்கே புரிந்துவிடும்.