ஐப்பசி மழையும் ஆய்வுப் பணமும்

சுற்றுச்சூழல் அறிவியலில் முனைவர் பட்டத்துக்குச் சேரலாமா என்று கேட்டு வரும் பிள்ளைகளிடம் நான் ஆர்வத்தைப் பற்றி விசாரிப்பதில்லை. அது இருப்பதால்தான் வருகிறார்கள். வீட்டில் யார் யார் உன் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கிறார்கள் என்றுதான் கேட்பேன். ஐந்து வருடம் அந்த எதிர்பார்ப்பைத் தள்ளிப்போட முடியுமா என்பதே பலருக்கும் உண்மையான நுழைவுத்தேர்வு.

நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதந்தோறும் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து முதுநிலைக்கு உயர்ந்தால் 42,000. மானத்தோடு வாழலாம். அது கிடைக்காமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்கோ 8,000. 2015 அக்டோபரில் அதையும் நிறுத்தப் பல்கலைக்கழக மானியக் குழு முடிவெடுத்தது. டெல்லியில் மாணவர்கள் மானியக் குழு அலுவலகத்தின் முன்னால் இரவு பகலாக உட்கார்ந்த பிறகே அது நீடித்தது. ஒரே ஆய்வகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருக்கும் இருவருக்கு இடையே இவ்வளவு தூரம்.

தொகையைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது காலம். பிச்சாவரத்துச் சதுப்புநிலக் காட்டில் வடகிழக்குப் பருவமழை உப்பை எவ்வளவு குறைக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், ஐப்பசி கார்த்திகையில் அங்கே இருந்தாக வேண்டும். படகு வாடகை, சாம்பிள் பாட்டில், ஐஸ் பெட்டி, உலோக அளவைப் பார்த்துத் தரும் வெளி ஆய்வகத்துக்குக் கட்டணம் என்று எல்லாம் அந்த வாரங்களிலேயே கையில் காசாக வேண்டும். இதற்கெல்லாம் ‘கன்டின்ஜென்சி’ என்று மானியக் குழு நெட் உதவித்தொகை பெறும் அறிவியல் ஆய்வாளருக்குத் தருவது, முதல் இரண்டு வருடமும் ஆண்டுக்கு 12,000 ரூபாய். அதுவும் தை மாதம் வந்து சேர்ந்தால் மழை போயிருக்கும். அடுத்த மழைக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

தவறவிட்ட அளவை எந்த நிதியாலும் மீட்க முடியாது. 1958 மார்ச்சில் ஹவாயின் மௌனா லோவா மலையில் அறிவியலாளர் சார்லஸ் கீலிங்கின் கருவி காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியது. அந்த வாயு ஆண்டுக்கு ஆண்டு கூடிவருவதை உலகம் கண்டுகொண்டது அந்த அளவீட்டால்தான். 1964இல் நிதி வெட்டப்பட்டு, சில மாதங்கள் அளவீடு நின்றுபோனது. பிறகு பணம் வந்தது. அந்த மாதங்கள் வரவில்லை.

ஆய்வாளருக்குப் பணம் நின்றால் ஊருக்கு வேண்டிய அளவும் நின்றுபோகும். ஆகவே, உதவித்தொகையை ஏழைப் பிள்ளைக்கு இடும் தானமாக யாராவது பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. சாயக்கழிவு எந்தக் கிணற்றில் இறங்குகிறது என்ற கேள்வி, அந்தக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவருக்கு எல்லோருக்கும் முன்பாகத் தோன்றும். காசில்லாமல் அவர் படிப்பை விட்டுப் போனால், அந்தக் கேள்வியையும் உடன் கொண்டுபோய்விடுவார். இழப்பு ஊருக்கு.

தயங்கி நிற்பவர்களுக்கு நான் சொல்வது: சேருங்கள். சேருமுன் நெறியாளரிடம் கேளுங்கள். களச் செலவுக்குத் திட்ட நிதி இருக்கிறதா, எத்தனை ஆண்டுக்கு, உதவித்தொகை தாமதமானால் யாரை அணுகுவது? கேட்க வெட்கம் வேண்டாம். கடைசி மழைவரை நின்று அளக்க நினைப்பவர்தான் இதை முதல் நாளே கேட்பார்.