விதை எண்

ஒரே கருத்தை நூறு பேர் சொன்னால் அது நூறு சாட்சியா, ஒரே சாட்சியா? எனக்கு இந்தக் கேள்வி தத்துவப் புத்தகத்திலிருந்து வரவில்லை, கணினி வேலையிலிருந்து வந்தது. எங்கோ இருக்கும் சர்வருக்குக் கட்டுக்கட்டாக ஜாப் அனுப்பிவிட்டு, வரிசை நகரக் காத்திருக்கும் பிழைப்பு என்னுடையது. கேள்வியைப் போட்டுப் பார்க்க என் அம்மா பிறந்த போடிநாயக்கனூர்ப் பக்கமே ஒரு விவகாரம் இருக்கிறது: பொட்டிப்புரம் நியூட்ரினோ ஆய்வகம்.

போடி மேற்கு மலையில் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, உள்ளே 50,000 டன் இரும்பைத் தகடு தகடாக அடுக்கிக் காந்தமாக்கி, வளிமண்டல நியூட்ரினோக்களைப் பதிவு செய்வது திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. கருவி இன்னும் எழும்பவில்லை. ஆனால் கணினிக்குள் அது ஆயிரம் ஆண்டு ஓடி முடித்துவிட்டது.

மிகையாகச் சொல்லவில்லை. நியூட்ரினோ லேசில் எதனோடும் மோதாது. பத்தாண்டு காத்திருந்தாலும் கையில் சேரும் நிகழ்வுகள் குறைவு. குறைந்த எண்ணிக்கையில் தற்செயலின் ஏற்ற இறக்கம் விடையைக் குழப்பிவிடும். ஆகவே ஆய்வாளர்கள் 1,000 ஆண்டுக்கான நிகழ்வுகளைக் கணினியில் உருவாக்கி, அதை 10 ஆண்டு அளவுக்குச் சுருக்கிக் கணக்கிட்டார்கள். ஜியான்ட்4 என்ற மென்பொருள் ஒவ்வொரு துகளையும் 5.6 சென்டிமீட்டர் இரும்புத் தகடுகளின் வழியே அடியடியாக நடத்திச் செல்லும். மடிக்கணினியில் ஆகிற காரியமில்லை. ஒரு வசதி, ஒரு நிகழ்வுக்கும் அடுத்ததற்கும் தொடர்பு கிடையாது. வேலையைப் பல ஜாப்களாகப் பிரித்து சர்வர் வரிசையில் விட்டுவிடலாம்.

இங்கேதான் ஒரு சின்ன எண் முக்கியமாகிறது. கணினிக்கு நிஜமான தற்செயல் தெரியாது. கொடுத்த ஒரு தொடக்க எண்ணிலிருந்து, தற்செயல் போலத் தோன்றும் எண்வரிசையை அது பெருக்கிக்கொண்டே போகும். அந்தத் தொடக்க எண்ணுக்குப் பெயர் விதை. ஆயிரம் ஜாப் அனுப்புகிறவர் ஆயிரம் விதை கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே விதை போனால் ஒரே ஆண்டுதான் ஆயிரம் முறை வரும். சர்வர் பிழை என்று கத்தாது. கோப்புகள் நிறையும், வரைபடம் அழகாக வரும், நம்பிக்கை மட்டும் பொய்யாக ஏறிப்போய் நிற்கும்.

போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கும் மாமாவிடம் நியூட்ரினோ பற்றிப் பேச்சு வந்தது. "ஊரே சொல்லுது மாப்ள, கதிர்வீச்சு வந்து ஏலச்செடியெல்லாம் கருகிப்போயிருமாம்" என்றார். யார் யார் சொன்னார்கள் என்று விசாரித்தேன். கடைக்காரர், ஜீப் டிரைவர், பக்கத்து வீட்டுக்காரர், எல்லோரும் பார்த்தது ஒரே வாட்ஸப் வீடியோ. இதே விஷயத்தை என்னோடு படித்த நண்பனிடம் பேசியபோது, "எதுக்குறவங்களுக்கு சயின்ஸ் தெரியாதுடா, எல்லாருமே அதான் சொல்றாங்க" என்றான். அவனுடைய 'எல்லாரும்' எங்கள் கல்லூரி வகுப்புக் குழுமம். அதில் ஒருவரும் பொட்டிப்புரத்தில் கால் வைத்ததில்லை. இரண்டு இடத்திலும் ஜாப் நிறைய, விதை ஒன்றுதான்.

அப்படியானால் இரு பக்கமும் சமம் என்று கைகழுவிவிடலாமா? கூடாது. கேள்விகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை விதை என்று எண்ண வேண்டும். நியூட்ரினோ உடம்பைக் கெடுக்குமா என்ற கேள்விக்கு விதைகள் பல. சூரியனிலிருந்து ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நொடிக்கு 6,000 கோடிக்கு மேல் நியூட்ரினோக்கள் நம்மை ஊடுருவிப் போகின்றன. ஜப்பானிலும் கனடாவிலும் அன்டார்க்டிகாவிலும் வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு கருவிகளால் அளந்திருக்கிறார்கள். மாமாவின் அந்த பயத்துக்கு ஆதாரமில்லை.

அந்த மலைக்கு என்ன ஆகும் என்ற கேள்வி வேறு. ஜியான்ட்4-க்கு மலை என்பது மேலே நிற்கும் பாறையின் கனம், அவ்வளவே. வெடி வைத்துக் குடையும்போது நீரோட்டம் என்னாகும், மேய்ச்சலுக்குப் போகிறவர்களை யார் மறிப்பார்கள், ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் மதிகெட்டான் சோலைக் காட்டு விலங்குகள் எந்த வழியில் போகும் என்பதெல்லாம் அந்த ஆயிரம் ஆண்டுக்குள் இல்லை. அது மென்பொருளின் குறையல்ல, அதனிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. ஆனால் இயற்பியலில் கிடைத்த உறுதியை எடுத்து இந்தக் கேள்விகளின் மேலும் போர்த்தினால் அது நேர்மையில்லை. 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது, 2018-இல் மத்திய அரசு மறுபடி அனுமதித்தது, 2022-இல் தமிழக அரசு புலிகளின் வழித்தடத்தைச் சொல்லி உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்தது. சண்டை நடந்தது இந்தக் கேள்விகளைச் சுற்றித்தான். திட்டத்தை ஆதரித்தவர்கள் பலர் பதில் சொல்லிக்கொண்டிருந்தது கதிர்வீச்சுக் கேள்விக்கு.

அறம் என்று நான் நினைப்பது இதில் சின்னதாக ஒன்றுதான். சர்வருக்கு ஜாப் அனுப்புகிறவர்கள் விதை எண்ணையும் லாக்கில் எழுதி வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம், இரண்டு ஜாப்பில் ஒரே எண் இருந்தால் கண்டுபிடித்து ஒன்றைத் தள்ளலாம். "எல்லாரும் சொல்றாங்க" என்கிறவரும் அதை எங்கிருந்து எடுத்தார் என்று சேர்த்துச் சொல்லலாம். மாமா அந்த வீடியோவை எனக்கு அனுப்பி வைத்தார். நண்பன் தன் வகுப்பைத் தாண்டி யாரைக் கேட்டான் என்று இன்னும் சொல்லவில்லை.