வினையும் மரபணுக் குறியும்

ஓசூர்ச் சந்திரசூடேசுவரரை வழிபடும் அன்பரொருவர் எம்மை வினவினர். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கருங்கற் பட்டறையொன்றில் நெடுங்காலம் கல்லறுத்த அவர்தம் தமையனார்க்கு நுரையீரலிற் புற்று கண்டது. பட்டறைக்கு உரியவர், "அது அவர் பிராரத்தம், எங்கள்மேற் குற்றமில்லை" என்றனராம். இது சித்தாந்தத்திற்கு ஒக்குமோ என்பதே வினா.

முதற்கண் நோயின் இயல்பை நோக்குவாம். நம் உடம்பின் அணுக்களுள் மிகப் பெரும்பாலனவற்றில் உள்ளது ஒரே மரபணுத் தொகுதியே. அற்றாகவும் கண்ணின் அணு கண்ணாகவும் ஈரலின் அணு ஈரலாகவும் நிற்றல் எற்றாலெனின், எம்மரபணு தொழிற்படுக, எஃது அடங்குக என வரையறுக்கும் குறிகள் உளவாகலான் என்க. மரபிழையிற் பற்றும் மெத்தில் என்னுஞ் சிறு கூறு ஒரு குறி. அவ்விழை சுற்றிக்கிடக்கும் இஸ்டோன் புரதங்களின் மாற்றம் பிறிதொன்று. இத்துறைக்கு எபிஜெனிடிக்ஸ் என்னும் பெயரை 1942-இல் ஆக்கியவர் வாடிங்டன் என்பார்.

அணு வரம்பின்றிப் பெருகாவாறு காக்கும் மரபணுக்களுள் பி16 ஒன்று. அதன் எழுத்து ஒன்றும் பிறழாதிருப்பினும், தொடக்கப் பகுதியில் மெத்தில் மிகப் படியின் அஃது அடங்கிவிடும். காவல் நீங்கவே அணு பெருகும். எழுத்தே பிறழ்ந்து வரும் புற்றும் உண்டு. இரண்டும் கூடி வருதலே பெரும்பான்மை. புகையிலைப் புகையும் நெடுநாள் அழற்சியும் இக்குறிகளை மாற்றுமென ஆய்ந்து கண்டுளர். கருங்கற்றுகளிலுள்ள சிலிக்கா நுரையீரலில் அத்தகைய அழற்சியை விளைப்பது. அதனைப் புற்று விளைப்பதென உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றாய்வு அமைப்பு 1997-இல் வகுத்தது.

சில குறிகளை மருந்தால் அகற்றலும் ஆம். அசாசிடிடின் என்பதனைக் குருதிநோய் ஒருவகைக்கு 2004-இல் அமெரிக்க அரசு ஒப்பியது. இதுகொண்டு ஆணவ மறைப்பிற்கு உவமை கூற விழைவாரும் உளர். சடத்தின்மேற் சடம் படிதல் எங்கே, சித்தாகிய உயிரின் அநாதி மறைப்பு எங்கே! அதனை விடுத்தாம்.

இனி வினாவிற்கு வருவாம். வினை சடமாகலின் தானே வந்து பொருந்தாது. இறைவன் கூட்ட, நிமித்தம் வாயிலாகவே பொருந்தும். நிமித்தமாய் நின்றான் அதனாற் குற்றம் நீங்கானோ எனின், நீங்கான். அறிந்து செய்த செயலும் செய்யாது விட்ட கடனும் அவனுக்கு ஆகாமியமாம். அத்துகள் இன்றாயினும் அவ்வினை வேறு வழியால் வந்திருக்குமே எனின், கொலைஞனும் அங்ஙனமே கூறுவான். அது கேட்டு அவனை விடுவார் எவருமிலர். பிராரத்தம் என்னுஞ் சொல் நோயுற்றார் தம்மைத் தேற்றிக்கொள்ளற்கு உரியது. துகளை எழுப்பினார் அதனை எடுத்தாளுதல் சாத்திரத்தைக் கேடயமாக்குதலேயாம்.

அறுக்குங்காற் கல்லின்மேல் நீர் பாய்ச்சின் துகள் பெரிதும் அடங்கும். அந்நீரைப் பாய்ச்சாது விட்டது எவருடைய வினையென அன்பர் அவரையே வினவுவாராக.